கணப்புச் சட்டியைக் கவிழ்த்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில், மார்கழிக் குளிருக்கு வீட்டு வாசலில் இரும்புத் தீச்சட்டி வைத்துச் சுற்றி உட்காருவதைப் பற்றி அரைப் பக்கம் வந்திருந்தது. படம் நன்றாக இருந்தது. கீழே பெட்டி கட்டிப் போட்டிருந்த பராமரிப்புக் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். எரிந்து முடிந்ததும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி அணைக்கவும், சோப்பு போட்டுத் தேய்க்கவும், தார்ப்பாய் போட்டு மூடி வைக்கவும் என்று மூன்றே வரி. மூன்றும் தப்பு. எழுதியவர் சட்டியைக் கடையில் பார்த்திருப்பார். வீட்டில் வைத்து ஒரு மழைக்காலம் கழித்திருக்க மாட்டார்.

நான் ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலையில் 34 வருடம் வெல்டர். 1983-ல் சேர்ந்து 2017-ல் ஓய்வு. வீடு வாலாஜாபேட்டையில். முகவரியில் வட ஆற்காடு போய் வேலூர் வந்தது, 2019-ல் அதுவும் போய் ராணிப்பேட்டை மாவட்டம் ஆயிற்று. வீட்டு வாசலில் இருக்கிற வேப்ப மரம் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. அந்த வேம்புக்குப் பதினைந்து அடி தள்ளித்தான் எங்கள் சட்டியும் இருக்கிறது.

இதைத் தீச்சட்டி என்று எழுதியதில் என் வீட்டம்மாவுக்கு வருத்தம். “ஏங்க, ஆத்தாளுக்கு எடுக்கறதுக்குப் பேருதான் தீச்சட்டி. இது கணப்புச் சட்டி. பேப்பர்காரங்களுக்கு எழுதும்போது அதையும் எழுதுங்க” என்றார். எழுதிவிட்டேன். இனி கணப்புச் சட்டி என்றே சொல்கிறேன்.

வேலூர்ப் பக்கம் கணப்பு எதற்கு என்று சிரிப்பவர்கள் இருப்பார்கள். சித்திரையில் இங்கே வந்து போனவர்கள் அவர்கள். மார்கழியில் சில விடியற்காலை 16 டிகிரிக்கு இறங்குகிறது. பாலாற்று வெளியில் வீடு இருந்தால் இன்னும் கொஞ்சம் குறைச்சலாகவே தெரியும். எங்கள் அம்மா காலத்தில் மண் கும்பட்டியில் தணல் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்காருவார்கள். எனக்கு அந்தப் பழக்கம் திரும்பி வந்தது பேரன் புண்ணியத்தில். பெங்களூரிலிருந்து வந்தவன், “தாத்தா, கேம்ப் ஃபயர் போடலாமா?” என்றான். வெறும் தரையில் போட்டோம். மறுநாள் பார்த்தால் வாசல் சிமெண்ட் தரை அப்பளம் மாதிரி பொரிந்து எழும்பியிருந்தது. சூடான கான்கிரீட்டுக்குள் இருக்கிற ஈரம் ஆவியாகி மேல்பூச்சைத் தூக்கிவிடும். சட்டி வேண்டும் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

சிப்காட் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் ஒரு டிஷ் எண்ட் கிடைத்தது. டிஷ் எண்ட் என்றால் டேங்க், பாய்லர் இவற்றின் இரண்டு முனையிலும் பற்றவைக்கிற குழிந்த மூடி. பார்க்கப் பெரிய உருளி மாதிரி இருக்கும். எனக்குக் கிடைத்தது குறுக்களவு 800 மில்லிமீட்டர், தடிமன் 6 மில்லிமீட்டர். தராசில் 33 கிலோ நின்றது, கிலோ 45 ரூபாய், 1,485 ரூபாய். கடைகளில் படம் போட்டு விற்கிற சட்டிகள் பல ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் தகடு. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், இரண்டாவது மழையில் வித்தியாசம் தெரிந்துவிடும். வாங்குகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் தடிமனைக் கேளுங்கள். தெரியாது என்று கடைக்காரர் சொன்னால் எடையைக் கேளுங்கள்.

பழைய இரும்புக் கடையில் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது எந்த டேங்கின் மூடி, உள்ளே என்ன இருந்தது என்று தெரியாமல் தொடாதீர்கள். எங்கள் ஊர் தோல், கெமிக்கல் தொழிற்சாலை சூழ்ந்த ஊர். நான் வாங்கியது உருட்டிவிட்டு, பொருத்தாமலே கழித்துப் போட்ட மூடி. ஓரத்தில் பற்றவைத்த தடமே இல்லை. அதைப் பார்த்துத்தான் எடுத்தேன். வெள்ளையாகப் பளபளக்கிற ஜி.ஐ. தகட்டில் செய்த எதையும் கணப்புக்கு எடுக்கவே கூடாது. பழைய வாளி, தண்ணீர்த் தொட்டி, கூலரின் உடம்பு எல்லாம் ஜி.ஐ.தான். மேலே இருக்கிற துத்தநாகம் 419 டிகிரியில் உருகிவிடும்; விறகுத் தணல் அதைத் தாண்டிப் போகும். அந்தப் புகையைக் குடித்த வெல்டருக்கு அன்று ராத்திரி குளிர்க் காய்ச்சல் நிச்சயம். எனக்கு இரண்டு தடவை வந்திருக்கிறது. வாயில் செம்புக் காசு வைத்த மாதிரி ருசி, பிறகு பல் கிடுகிடுக்கும். “பால் குடிடா, சரியாயிடும்” என்பார் எங்கள் ஃபோர்மேன். பால் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் விடிந்தபின்தான் இறங்கும்.

பராமரிப்புக்கு வருகிறேன்.

நாங்கள் ராணிப்பேட்டையில் செய்தது அனல்மின் நிலையங்களுக்கு வேண்டிய சாமான்கள். அதில் முக்கியமானது ஈ.எஸ்.பி. புகையில் பறக்கும் சாம்பலை மின்சாரத்தால் இழுத்துத் தட்டில் ஒட்டவைத்து, சுத்தியலால் தட்டி, கீழே புனல் மாதிரி இருக்கிற ஹாப்பரில் விழவைக்கிற பெட்டி. ஒரு கல்யாண மண்டபம் உள்ளே நுழைகிற அளவு பெரிது. ஆக, என் வாழ்நாள் வேலையே சாம்பலைப் பிடித்து வைக்கிற இரும்பைப் பற்றவைப்பதுதான். சைட் வேலைக்குப் போகும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நெருப்புக்குப் பக்கத்தில், ராத்திரி பகலாகச் சூட்டில் கிடக்கிற தகடு வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். நெருப்பை விட்டு வெகுதூரம் தள்ளி, ஆறிப்போய், சாம்பல் ஈரமாகிக் கட்டி பிடித்த இடத்தில்தான் தகடு முறுக்கு மாதிரி உதிரும். அதனால்தான் ஹாப்பருக்கு அடியில் ஹீட்டர் வைப்பார்கள். சாம்பலைச் சூடாகவே வைத்திருந்தால் ஈரம் ஏறாது, கட்டியும் பிடிக்காது. பாய்லருக்குப் போகிற காற்றைப் புகையின் சூட்டிலேயே சூடாக்குகிற ஏர் ப்ரீஹீட்டரிலும் இதே கதை. புகை குளிர்ந்து வெளியேறுகிற பக்கத்துக்கு ‘கோல்டு எண்ட்’ என்று பெயர், அரிப்பெல்லாம் அங்கேதான். ஒரு ஷட்டவுனில் ஹீட்டர் பழுதான ஹாப்பருக்குப் புதுத் தகடு வைக்கப் போனேன். பழைய தகட்டில் பென்சிலை வைத்து அழுத்தினேன், பென்சில் அந்தப் பக்கம் வந்துவிட்டது.

கணப்புச் சட்டியிலும் இதுதான் நடக்கிறது. ராத்திரி மூன்று மணி நேரம் எரிகிறதே, அதில் சட்டிக்கு ஒரு சேதமும் இல்லை. சேதம் மறுநாள் காலையில் தொடங்குகிறது. சாம்பலில் காரம் உண்டு, உப்பும் உண்டு. பனியில் இருக்கிற ஈரத்தையும் அது இழுத்து வைத்துக்கொள்ளும். சட்டியின் அடியில் அது படிந்து கிடப்பது, உப்புத் தண்ணீரில் நனைத்த சாக்கை இரும்பின் மேல் போட்டு வைப்பதற்குச் சமம். மேலே பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், கையை விட்டுப் பார்த்தால் அடியில் களி.

எந்த விறகு என்பதிலும் விஷயம் இருக்கிறது. குடியாத்தம் பக்கம் என் மச்சான் தோப்பிலிருந்து தென்னை மட்டையும் பாளையும் வண்டியில் வரும். பற்றவைக்க அதைப் போல வராது. ஆனால் தென்னைச் சாம்பலில் உப்புச் சத்து அதிகம். இது நான் பாய்லர்க்காரர்களிடம் கேட்டது. மச்சானிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “மாமா, கன்னு வெக்கும்போதே குழியில உப்பு போட்டுத்தானே வெக்கறோம், அது எங்க போவும்?” என்றார். சரியான கேள்வி. ஆகவே மட்டை எரித்த ராத்திரிக்கு மறுநாள் சாம்பலை அள்ளாமல் விட்டால் இரட்டைத் துரு. வேம்பு, புளி, சீமைக் கருவேலம் மூன்றும் கணப்புக்கு நல்லவை. சீமைக் கருவேலம் நின்று எரியும், தணல் வெகுநேரம் கிடக்கும். வெட்டி ஆறு மாதமாவது காய்ந்திருக்க வேண்டும். பச்சை விறகு போட்டால் புகையும் கீலும்தான் மிஞ்சும். அந்தக் கீல் சட்டி ஓரத்தில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு அதன் மேல் சாம்பலும் அப்பிக்கொள்ளும்.

போகி வருகிறது. பழைய பெயிண்ட் அடித்த கதவு, பிளைவுட், டயர் எதையும் சட்டியில் போடாதீர்கள் என்று எல்லோரும் சொல்வதை நானும் சொல்லி வைக்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. ஷூ கம்பெனியில் கழித்துப் போட்ட தோல் துண்டுகளைச் சிலர் மூட்டையாகக் கொண்டுவந்து அடுப்புக்குப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். குரோம் போட்டுப் பதனிட்ட தோல் அது. எரிக்கும்போது அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்குகிற வகையாக மாறக்கூடும். புகையிலும் இருக்கும், சாம்பலிலும் இருக்கும். அந்தச் சாம்பலைத் தூக்கி வாழைக்குப் போட்டால் மண்ணுக்கும் போகும். அதைச் சட்டியில் போட வேண்டாம், சட்டிக்குப் பக்கத்தில்கூட வைக்க வேண்டாம்.

இனி, எங்கள் வீட்டில் நடக்கிற முறையைச் சொல்கிறேன். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விறகு போடுவதை நிறுத்திவிடுவேன். மீதித் தணலைக் கம்பியால் பரப்பிவிட்டால் சீக்கிரம் ஆறும். தண்ணீர் ஊற்றுவதில்லை. சூடான தகட்டில் தண்ணீர் பட்டால் ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் சுருங்காமல் கோணிக்கொள்ளும். வார்ப்பிரும்புச் சட்டி என்றால் விரிசலே விடும். கிழக்கே ஒரு வீடு தள்ளி இருப்பவர் ராத்திரி பதினொரு மணிக்கு ஊற்றி, பட்டாசு மாதிரி சத்தம் கேட்டு நாங்கள் எல்லோரும் வெளியே வந்தோம். காற்று அடித்து அவசரமாக அணைக்க வேண்டுமானால் மணல் போடுங்கள். ஒரு வாளி மணல் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தணலை அறைக்குள் மட்டும் எடுத்துப் போகாதீர்கள். மலை ஊர்களில் விடுதி அறைக்குள் கரிச்சட்டியை வைத்துக்கொண்டு கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி உங்கள் பத்திரிகையிலேயே வந்திருக்கிறது. புகை தெரியாத தணல்தான் மோசம். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

காலையில் அவசரப்பட்டும் அள்ளக்கூடாது. இதில் நான் பட்டதைச் சொல்லியாக வேண்டும். முதல் வருடம், காலை ஒன்பதரை மணி, மேலே கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. அள்ளிக் கோணிப்பையில் போட்டுக் கொல்லைக் கதவோரம் சாத்தி வைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்விட்டேன். மத்தியானம் வந்தால் கோணியைக் காணோம், கதவின் கீழ்ப்பலகை கரிந்திருக்கிறது, எதிர்வீட்டுப் பையன் குடத்தோடு நிற்கிறான். சாம்பல் நல்ல போர்வை. அதற்கு உள்ளே தணல் ஒரு நாள் முழுக்கக்கூட உயிரோடு இருக்கும். அன்றிலிருந்து மூடி போட்ட இரும்பு வாளிதான், அதுவும் செங்கல் மேல். அள்ளுவதற்கு முன் கம்பியால் அடிவரை கிளறிப் பார்ப்பேன்.

ஆறிய சாம்பலைச் சலித்தால் கரித்துண்டு மேலே நிற்கும், அது அடுத்த கணப்புக்கு. சாம்பல் வாழைக்கும் கத்திரிக்கும். பொட்டாஷுக்கு நம் ஆட்கள் சாம்பல் சத்து என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இதில் அளவு வேண்டும், ஒரே செடிக்குக் கொட்டாதீர்கள். இதற்கு மேல் எனக்கு விவசாயம் தெரியாது.

பிறகு சட்டியை வயர் பிரஷ்ஷால் ஒரு தேய். வெள்ளையாகப் பளபளக்கும்வரை தேய்க்கக் கூடாது. கையில் உதிர்கிற செதில் போனால் போதும். இறுகிப் பிடித்திருக்கிற கருப்பையும் பழுப்பையும் விட்டுவிடுங்கள். செதிலை மட்டும் விடக்கூடாது, ஏனென்றால் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அப்பளம் மாதிரி எழும்பி, அடியில் இருக்கிற இரும்புக்கும் அதற்கும் நடுவில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோப்பு எதற்கு என்று புரியவில்லை. எண்ணெய் படிந்திருந்தால் அது இரும்புக்கு நல்லது. அதைப் போய்ச் சோப்பு போட்டு எடுப்பானேன்?

எண்ணெய் விஷயத்தில் எனக்குக் குரு என் வீட்டம்மாதான். அவர் அம்மா கொடுத்த தோசைக்கல் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. புதுக்கல் வாங்கினால் கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, எண்ணெயில் தொட்ட வெங்காயத்தால் தேய்த்துத் தேய்த்துப் பழக்குவார். பழக்குவது என்ற சொல்லே அழகு. மாட்டைப் பழக்குவது மாதிரி. சட்டியையும் அப்படித்தான் பழக்கினோம். அள்ளித் தேய்த்து முடித்ததும் நாலு சுள்ளி போட்டுக் கை பொறுக்கிற சூட்டுக்குக் கொண்டுவந்து, துணியில் எண்ணெய் தொட்டு மெல்லிசாக ஒரு பூச்சு. பூசியது தெரியாத அளவுக்குத் துடைத்துவிட வேண்டும். வழிய வழியப் பூசினால் பிசுபிசுத்துக்கொண்டு தூசியும் எறும்பும்தான் வரும். விளக்கெண்ணெயும் தேங்காயெண்ணெயும் வேண்டாம், அவை காய்ந்து இறுகுவதில்லை. சூரியகாந்தி எண்ணெய் பரவாயில்லை. நன்றாகக் காய்வது ஆளி விதை எண்ணெய். பெயிண்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் தருவார்கள். அந்தக் கடை எண்ணெயைச் சமைக்கிற பாத்திரத்துக்குப் பூசாதீர்கள். பூசிய துணியைச் சுருட்டி மூலையில் எறியவும் கூடாது. ஆளி எண்ணெய் காயும்போது தானே சூடாகும். சுருட்டிய துணி யாரும் கொளுத்தாமலே பற்றிக்கொள்ளும். கொடியில் விரித்துக் காயவைத்துவிட்டுப் போடுங்கள். மெக்கானிக் கடையில் இலவசமாகக் கிடைக்கிறது என்று பழைய இன்ஜின் ஆயிலைப் பூசுகிறவர்களும் உண்டு. அடுத்த கணப்பில் அந்தப் புகையைக் குடிக்கப்போவது பிள்ளைகள்தான்.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சட்டியின் உள் அடியில் பூசிய எண்ணெய் அடுத்த தடவை எரித்தவுடன் போய்விடும். அந்தச் சூட்டுக்கு எந்த எண்ணெயும் நிற்காது. அடுத்த கணப்புவரை ஈரத்தைத் தடுக்க மட்டுமே அது. விளிம்பிலும் வெளிப்புறத்திலும்தான் பூச்சு மேல் பூச்சாக ஏறிக் கருத்து, கல் மாதிரி ஆகும். வெளிப்புறத்துக்குப் பெயிண்ட்தான் வேண்டும் என்பவர்கள் பைக் சைலன்சருக்கு அடிக்கிற பெயிண்ட்டை வாங்குங்கள். கேட்டுக்கு அடிக்கிற எனாமல் முதல் ராத்திரியே கொப்புளித்து உரியும். உரிந்த தோலுக்கு அடியில் ஈரம் தங்கும். அதற்குச் சும்மா விட்டுவிடுவதே மேல்.

தண்ணீர் வடிய அடியில் துளை வேண்டும். என்னுடையதில் 12 மில்லிமீட்டரில் மூன்று போட்டிருக்கிறேன். சாம்பல் அதை அடைத்துக்கொள்ளும், அள்ளும்போதெல்லாம் ஒரு ஆணியால் குத்திவிட வேண்டும். துளை வழியாகத் தணல் உதிரும் என்பதால் சட்டிக்கு அடியில் செங்கல் பாவியிருக்கிறேன். கால் பற்றவைக்கிறவரிடம் டாக் போட்டு நிறுத்தாமல் சுற்றிலும் முழுசாக ஓட்டச் சொல்லுங்கள். அங்கங்கே பொட்டு வைத்து விட்டால், நடுவில் இருக்கிற சந்துக்குள் தண்ணீர் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். வெளியே வராது, பிரஷ்ஷும் போகாது. நான் பார்த்த சட்டிகளில் பாதி, அடி ஓட்டையாவதற்கு முன் காலிலேயே போனவை.

துருவே அழகு என்று இப்போது கார்ட்டென் ஸ்டீல் சட்டிகள் வருகின்றன. செம்பும் குரோமியமும் கொஞ்சம் கலந்த இரும்பு அது. எங்கள் கோல்டு எண்டுக்கு நாங்கள் போட்டதும் அதுதான். மேலே பிடிக்கிற துரு இறுகி, அதுவே கவசமாகிவிடும் என்பது உண்மை. அதற்கு மழையும் வெயிலும் மாறி மாறி வந்து, நனைந்து நனைந்து காய வேண்டும். ஈரச் சாம்பலுக்கு அடியில் அது காயவே காயாது. பராமரிப்பே வேண்டாம் என்று சொல்லி விற்கிறார்கள். வாங்குங்கள், சாம்பலை மட்டும் அள்ளுங்கள்.

போன பொங்கல் விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஏலகிரி போயிருந்தோம். தங்கிய விடுதியில் புல்தரையில் வரிசையாக ஐந்து சட்டி. நல்ல கனமான சட்டிகள், நாலுக்கு அடி ஓட்டை. ஒன்றில் மழைத் தண்ணீரும் சாம்பலும் கலந்து சேறாகி, அதில் ஒரு தகரை முளைத்திருந்தது. காவலாளி அய்யாவிடம் கேட்டேன். “யாரு சார் அள்றது? கொளுத்தறதுக்கு ஆளு இருக்குது, டிப்ஸு கெடைக்குது. காலையில அள்றதுக்கு இன்னா கெடைக்குது?” என்றார். முழுச் சட்டியாக மிஞ்சியிருந்த ஒன்றின் மேல் நீலத் தார்ப்பாயை இறுகக் கட்டி வைத்திருந்தார்கள். அவிழ்த்தால் உள்ளே வியர்த்துச் சொட்டுகிறது. தார்ப்பாய் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் அப்படித்தான் ஆகும். ராத்திரி உள்ளேயே பனி இறங்கும், வெளியே போக வழியிருக்காது. விரலால் அடியைத் தட்டிப் பார்த்தேன். நல்ல தகடு ‘டங்’ என்று சொல்லும். இது ‘டப்’ என்றது. அதுவும் அடுத்த பொங்கலைப் பார்த்திருக்காது.

மூடத்தான் வேண்டும் என்றால் கூம்பு மாதிரி ஒரு தகட்டு மூடி செய்து, விளிம்பில் விரல் நுழைகிற சந்து விட்டு வையுங்கள். அதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. கவிழ்த்துவிடுங்கள். நம் வீடுகளில் எந்தப் பாத்திரத்தை நிமிர்த்தி வைக்கிறோம்? கழுவினால் கவிழ்ப்பதுதானே வழக்கம். ஐப்பசி பிறந்ததும் நானும் எதிர்வீட்டுப் பையனும் இரண்டு பக்கம் பிடித்துச் சட்டியை நாலு செங்கல் மேல் கவிழ்த்துவிடுவோம். அடியில் காற்று ஓடும். துளைகள் மேலே வந்துவிடுவதால் அதன் மேல் ஒரு தட்டைக் கல். கார்த்திகை மழை முழுவதும் அப்படியே கிடக்கும். கீழே எங்கள் தெருப் பூனை குட்டி போட்டு வளர்த்துக்கொண்டு போகும். மார்கழி முதல் வாரம் நிமிர்த்தி, ஒரு பிரஷ், ஒரு எண்ணெய், ஒரு கொள்ளி. ஏழு வருடம் ஆகிறது, இன்னும் ‘டங்’ என்றுதான் சொல்கிறது.

கணப்புச் சட்டிக்கு இவ்வளவு உபசாரமா என்று கேட்பவர்களுக்குத் திருவண்ணாமலைக் கொப்பரையைக் காட்டுவேன். அதுவும் பழைய வட ஆற்காட்டு ஊர்தான். 2,668 அடி மலை உச்சிக்குக் கொப்பரையைத் தோளில் சுமந்து ஏற்றுகிறார்கள். 11 நாள் எரிகிறது. எரிந்து முடிந்தது, அடுத்த வருடமும் இங்கேதானே என்று யாரும் மலைமேல் விட்டுவிட்டு வருவதில்லை. அவ்வளவு பாரத்தையும் திரும்ப இறக்கி, மையைச் சுரண்டி எடுத்து, மார்கழி ஆருத்ராவில் சுவாமிக்கு வைத்துப் பிறகு பக்தர்களுக்குக் கொடுக்கிறார்கள். மறு வருடம் ஏற்றுவதற்கு முன் கொப்பரையைச் சீர்செய்து வர்ணம் தீட்டுகிறார்கள். கொளுத்த ஒரு நாள்; அந்த ஒரு நாளுக்கு முன்னும் பின்னும் நடக்கிற வேலையை நான் ஒரு தடவை கிட்டே நின்று பார்த்திருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டிச் செய்தியைத் திருத்திப் போடுங்கள். இடம் இல்லாவிட்டால் இந்தக் கடிதம் முழுவதும் வேண்டாம். தண்ணீர் ஊற்றாதீர்கள், நன்றாக ஆறியபின் சாம்பலை அள்ளுங்கள், கவிழ்த்து வையுங்கள் என்ற மூன்று வரியை, போன வாரம் வந்த அதே இடத்தில் அதே எழுத்து அளவில் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெல்டர் ஒருவர்,
வாலாஜாபேட்டை.

பி.கு.: இதை வீட்டில் படித்துக் காட்டினேன். சோப்பு போடுவதைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, ஓய்வுபெற்ற மறு மாதம் அவர் ஊருக்குப் போயிருந்தபோது அவருடைய தோசைக்கல்லை நான் சபீனா போட்டு விளக்கி வைத்ததை எழுதவில்லையே என்று கேட்கிறார். உண்மைதான். திரும்பப் பழக இரண்டு மாதம் ஆயிற்று.